ஒரு பாட்டுக்குள் வரக்காப்பி வந்த கதை

1

போத்தனூரில் என் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகர ஷெட் இருக்கிறது. முன்பு அங்கே மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் பட்டறை முன்பக்கத்துக்கு மாறிய பிறகு, அவரிடம் கேட்டு அந்த ஷெட்டில் மூன்று பேர் பாட்டுப் பழகுகிறார்கள். இந்த முறை ஊருக்கு வந்தபோது நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்த இடம் அதுதான்.

ஜெர்மனியில் நான் இருக்கும் ஸ்டுட்கார்ட்டுக்குத் திரும்பியதும் தெரிந்தவர்கள் ஊர் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். நன்றாக இருந்தது என்றேன். மூன்று பேர் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பழகினார்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன் என்று சொன்னால் அவர்களுக்கு என்ன புரியும்? உங்களுக்குப் புரியலாம் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

2

என் கணவர் மூர்த்தி போன வருடம் குளிர்காலத்தில், வேலை செய்த இடத்தில் மாரடைப்பால் இறந்தார். தாராபுரத்துக்காரர். இயந்திரங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் இருந்தார். காலையில் தொப்பியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிய மனிதர்.

நான் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அங்கே எல்லோருடைய துணியும் ஒன்றாகத்தான் துவைக்கப்படும். அதனால் ஒவ்வொரு துணியிலும் உரியவர் பெயர் அச்சடித்த சிறு பட்டையைச் சூட்டில் அழுத்தி ஒட்ட வேண்டும். அதுதான் என் வேலை. அவர் போன பிறகு ஒரு வாரம் லீவு கொடுத்தார்கள். அதற்குப் பின் மறுபடியும் பெயர் ஒட்டினேன். எழுந்தேன், டிராமில் போனேன், வந்தேன், தூங்கினேன். அந்த வருடத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வலித்தது என்று சொன்னால்கூடப் பொய். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, அப்படி இருந்தது.

நகராட்சி அலுவலகத்தில் ஒருநாள் என் திருமண நிலையைக் கேட்டார்கள். ஜெர்மன் மொழியில் விதவை என்பதற்கு ஃபெர்விட்வெட் என்று சொல்ல வேண்டும். நான் ஃபெர்விர்ட் என்று சொல்லிவிட்டேன். அதற்குக் குழம்பிப்போனவள் என்று அர்த்தம். கண்ணாடி போட்ட அந்த அம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திருத்தவில்லை. "ஆமாம், புரிகிறது" என்று சொல்லிவிட்டுக் கணினியில் சரியானதைத் தட்டிக்கொண்டார். வெளியே வந்து டிராமுக்கு நிற்கும்போதுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது.

எங்களுக்கு ஒரே மகள். யாழினி. கார்ல்ஸ்ரூவேயில் படிக்கிறாள். ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் அப்பா போன பிறகு அவள் வருவது குறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். சாப்பிட்டாயா என்று நான் கேட்பேன், குளிர் எப்படி என்று அவள் கேட்பாள். பாதி தமிழ், பாதி ஜெர்மன். எந்த மொழியிலும் நாங்கள் அவரைப் பற்றிப் பேசவில்லை. அவர் பெயர் வரக்கூடிய இடம் நெருங்கினால் இருவரும் சேர்ந்தே வேறு பக்கம் திரும்பிவிடுவோம்.

3

முதல் வருடத் திதிக்காகத்தான் ஊருக்கு வந்தேன். யாழினிக்குப் பரீட்சை. தாராபுரத்தில் அமராவதிக் கரையில் கொழுந்தனார் எல்லாவற்றையும் செய்தார். ஐயர் சொன்ன இடத்தில் உட்கார்ந்தேன், சொன்னபோது எழுந்தேன். ஆற்றில் தண்ணீர் குறைவாக இருந்தது. எதிர்க்கரையில் ஒருவர் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பின்னால் நாத்தனார் யாரிடமோ சொன்னார்: "கல்லாட்ட உக்காந்திருக்கறா பாரு. வெளிநாடு போனா அழுகையும் மறந்துருமாட்டம்."

அவர் கெட்டவர் இல்லை. அண்ணனுக்காக அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது அவருக்கு. என்னைப் பார்க்கும்போது அப்படித்தான் தோன்றியிருக்கும். எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்த மனிதருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை என்றால், அந்த இருபத்தைந்து வருடத்துக்கு என்ன பொருள்?

திதி முடிந்ததும் திரும்பியிருக்கலாம். அவர் பெயரில் இருந்த ஒரு வீட்டு மனைக்காக வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. தாலுகா ஆபீஸில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"ஏனுங்கம்மா, அங்கத்திப் பேப்பர்ல மூர்த்தி கந்தசாமின்னு இருக்குது. பத்திரத்துல கே. மூர்த்தின்னு இருக்குது. ரெண்டும் ஒரே ஆளுங்களா?"

"ஒரே ஆளுதானுங்க."

"அதை நாங்க நம்பறமுங்க. ஆனா அதுக்கு ஒரு பேப்பர் வேணுமுங்களே."

அந்தப் பேப்பர் வருவதற்காகத்தான் அண்ணன் வீட்டில் காத்திருந்தேன். அண்ணனுக்குப் பட்டறை வேலை, அண்ணிக்கு வீட்டு வேலை. எனக்கு ஒன்றும் இல்லை. ஒருநாள் சாயங்காலம் கொடியில் துணி எடுக்கப் போனபோது ஷெட்டிலிருந்து டிரம்ஸ் சத்தம் கேட்டது. கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன்.

"வாங்கக்கா. உக்காருங்க" என்று பிளாஸ்டிக் சேரைத் தள்ளினாள் உள்ளே இருந்த பெண். மடித்த துணிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

4

அவள் ஷீலா. பக்கத்தில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். சர்ச்சில் பாடிப் பழகிய குரல். டிரம்ஸ் வாசித்தவன் கதிர், பம்ப்செட் கம்பெனியில் லேத் ஓட்டுகிறான். கிடார் வைத்திருந்தவன் பிரவீன், தொண்டாமுத்தூரிலிருந்து பைக்கில் வருவான். மூன்று பேருக்கும் முப்பதை ஒட்டிய வயது. அவர்கள் மியூசிக் பேண்டுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. கோயம்புத்தூரில் ஒரு அரங்கத்தில் புதிய குழுக்களுக்கென்று நிகழ்ச்சி நடத்தினார்கள். அதில் இவர்களுக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்திருந்தது. அதற்காக ஒரு பாட்டைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள்.

சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தது. பக்கத்து ரயில்வே ஜங்ஷனுக்குள் கூட்ஸ் வண்டி நுழையும்போது தகரம் அதிரும். அப்போது மூன்று பேரும் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். வண்டி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள்.

பாட்டு என்றால் எனக்கு முழுசாக வந்து சேருவதுதான் தெரியும். பஸ்ஸில், கல்யாண வீட்டு ஸ்பீக்கரில், காரில். அது உண்டாகும் இடத்தில் நான் இருந்ததில்லை. அங்கே பாடுவதைவிட நிறுத்துவதுதான் அதிகமாக இருந்தது. இரண்டு வரி போவார்கள், ஷீலா கையைத் தூக்குவாள், எல்லாம் நின்றுவிடும். "கதிரு, கொஞ்சம் தள்ளி வா." மறுபடியும். "இல்ல, இப்ப ரொம்பத் தள்ளிட்டே." மறுபடியும். இருட்டும்போது டிரம்ஸ் மேல் போர்வையைப் போட்டு மூடிவிட்டு, "இன்னைக்குக் கொஞ்சம் பரவால்லைங்க" என்பான் கதிர். எதில் பரவாயில்லை என்று எனக்குத் தெரியவே தெரியாது.

அண்ணன் கேட்டார்: "ஏன் அம்மணி, ஊரெல்லாம் கெடக்குது, அந்த ஷெட்டுக்குள்ள போயி என்னத்துக்கு உக்காந்துக்கற? தலை வலிக்கறதில்லையா உனக்கு?"

"சும்மாதாண்ணா" என்றேன்.

அவர்கள் என்னிடம் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. துக்கம் விசாரிக்கவில்லை. எப்படி இருக்கிறது என்று கருத்துக் கேட்கவில்லை. அதனால்தான் போனேன் என்று நினைக்கிறேன். சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், ஷீலா கையைத் தூக்குவதற்கு ஒரு நொடி முன்பே, கதிர் அவசரப்பட்டுவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது. காது தானாகச் சொன்னது. சின்ன விஷயம்தான். ஆனால் அந்த ஒரு வருடத்தில் எதையாவது நானாகக் கவனித்தேன் என்றால் அதைத்தான்.

5

பாட்டு பிரவீன் வீட்டுக் கதை. மலையை ஒட்டின அவர்கள் தோட்டத்தில் ஒரு ராத்திரி யானை இறங்கி, குலை தள்ளிய வாழையை முழுக்கச் சாய்த்துவிட்டுப் போயிருக்கிறது. பாட்டு இப்படித் தொடங்கும்:

வந்ததுந் தெரியலே, போனதுந் தெரியலே
வாழையெல்லாம் படுத்திருக்கு
அப்பன் நெஞ்சு பத்தி எரியுது

மூன்றாவது வரியில் கிடார் மேலே மேலே ஏறும். மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்து பிரவீன் அமைத்த பகுதி அது. எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் அந்த இடத்துக்கு வந்தாலே ஷீலா நிறுத்திவிடுவாள்.

"எனக்கு இந்த எடம் வாயில ஒட்ட மாட்டேங்குது பிரவீனு."

"எல்லாத்துக்கும் பிடிச்ச லைனே அதுதானுங்கக்கா."

"பிடிக்கும். எல்லாப் பாட்டுலயும் இருக்கறதுதானே. உங்கப்பா அன்னைக்கு நெஜமா என்ன பண்ணினாரு? அழுதாரா?"

பிரவீன் கிடாரின் முறுக்காணியைத் திருகிக்கொண்டே சொன்னான்: "இல்லீங்க. கெணத்து மேட்டுல உக்காந்து டீ குடிச்சாரு."

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணுமில்லீங்க. குடிச்சுப்போட்டு டம்ளரைக் கழுவி வெச்சாரு."

 பிறகு ஷீலா அதே மெட்டில் மெதுவாகப் பாடிப் பார்த்தாள். "அப்பன் உக்காந்து டீ குடிக்கறாரு."

கதிருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரவீனின் முகம் மாறியது.

"எங்கப்பாவப் பாத்து நாலு பேரு சிரிக்கறதுக்குங்களா இந்தப் பாட்டு? அவருக்கு எத்தனை வருச உழைப்பு தெரியுமுங்களா அது?"

"சிரிக்கறதுக்கில்ல பிரவீனு."

"இவன் சிரிச்சானுங்களே."

கிடாரைப் பைக்குள் வைத்து மூடிக்கொண்டு கிளம்பிவிட்டான். கதிர் பின்னாலேயே ஓடினான். பைக் கேட்டைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது.

நானும் ஷீலாவும் மட்டும் இருந்தோம். "நான் பண்ணினது தப்புங்களாக்கா?" என்றாள். அன்றுதான் முதல்முறையாக என்னிடம் ஒன்று கேட்டாள்.

எனக்குப் பாட்டைப் பற்றித் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன். "எங்க வீட்டுக்காரரு இறந்துட்டாருன்னு போன் வந்தப்ப நான் வேலையில இருந்தேன். மிச்சமிருந்த துணிக்கெல்லாம் பேர் ஒட்டி முடிச்சுப்போட்டுத்தான் கெளம்பினேன்."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மேற்பார்வையாளர் என்னைக் கிளம்பச் சொன்னார், என் குளிர்க் கோட்டைக்கூட எடுத்துக்கொண்டு வந்து நின்றார். நான் இருங்கள் என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு துணியாக எடுத்து, பட்டையை நேராக வைத்து, அழுத்தி, ஆறவைத்து, மடித்தேன். ஏன் என்று இன்றுவரை தெரியாது.

ஷீலா ஐயோ என்று சொல்லவில்லை, கையைப் பிடிக்கவில்லை. "யாரு துணிங்கக்கா?" என்று கேட்டாள்.

"கெல்லருன்னு ஒரு அம்மா. பூப்போட்ட சட்டை. நெறைய வெச்சிருப்பாங்க."

"என்ன பூ?"

"நீலத்துல சின்னச் சின்னதா. பேரு தெரியல."

அவள் தலையாட்டினாள். விளக்கை அணைத்துவிட்டு இருவரும் வெளியே வந்தோம். வீட்டுக்குள் போய் அண்ணி போட்டுவைத்த தோசையைச் சாப்பிட்டேன். கூட ஒன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

6

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் பிரவீன் வரவில்லை. ஷீலாவும் கதிரும் மட்டும் வந்து, கிடார் இல்லாமல் வேறு சரணங்களைப் பழகினார்கள். நிகழ்ச்சி நெருங்கிக்கொண்டிருந்தது. அவனுக்குப் பதில் வேறு ஆளைப் பார்க்கலாமா என்று கதிர் கேட்டான். "அவங்க தோட்டம், அவங்கப்பா. வேற ஆளு வந்து என்ன பண்றது?" என்றாள் ஷீலா.

பிறகு ஒரு சாயங்காலம் பைக் வந்து நின்றது. பிரவீன் உள்ளே வந்து, கிடார்ப் பையைக் கீழே வைக்காமலேயே பேசினான்.

"எங்கப்பாகிட்டக் கேட்டுப்போட்டனுங்க. இப்படி ஒரு வரி போடறாங்கப்பா, உங்களுக்குச் சங்கடமில்லையான்னு கேட்டனுங்க."

"என்ன சொன்னாரு?"

"'டீயில்ல கண்ணு, வரக்காப்பி'ங்கறாரு."

நாங்கள் மூவரும் அவனையே பார்த்தோம்.

"யானை வாசத்துக்கு மெரண்டுபோயி மாடு அன்னைக்குப் பாலே எறக்கலையாமுங்க. அதனால பாலில்லாம வரக்காப்பிதான் குடிச்சாராமுங்க. எனக்கே தெரியாதுங்க. பாடறதுன்னா சரியாப் பாடச் சொல்லுன்னு சொல்லிப்போட்டுப் போயிட்டாரு."

ஷீலா வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு பாடினாள்.

அப்பன் உக்காந்து வரக்காப்பி குடிக்கறாரு

டீ என்ற இடத்தில் மெட்டு ஒரு பள்ளத்தில் விழுவதுபோல இருந்தது. வரக்காப்பி வந்ததும் அந்தப் பள்ளம் நிறைந்துவிட்டது. இந்த முறை கதிர் சிரிக்கவில்லை. பெரிய டிரம்மைத் தொடாமல், சின்ன டிரம்மின் விளிம்பில் குச்சியால் மட்டும் தட்டினான். பிரவீன் வழக்கம்போல மேலே ஏறினான். பாதியில் தானே நிறுத்தினான்.

"இது இனி ஒத்து வராதுங்க" என்றான்.

யாரும் அவனுக்காக அதைச் சொல்லவில்லை. அடுத்த முறை அந்த இடத்தில் ஒரே சுரத்தில் நின்றான், விரலை அசைக்காமல். மறுபடியும் அப்படியே. பிறகு என் பக்கம் திரும்பினான். "அக்கா, முந்தி கேட்டிருக்கறீங்களே. அது போயிட்டது தெரியுதுங்களா?"

"தெரியுது" என்றேன். உண்மைதான். அங்கே ஏதோ ஒன்று இருந்து எடுக்கப்பட்டது தெரிந்தது. ஒரு மழைக்காலத்தின் வேலை அது. வீணாகப் போய்விட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு தூரம் ஏறிப் பார்த்தவனால்தான் அந்த இடத்தில் அப்படிச் சும்மா நிற்க முடிந்தது.

அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. துக்கமும் முழுசாகத்தான் வந்து சேரும் என்று நான் நினைத்திருந்தேன், பஸ்ஸில் கேட்கும் பாட்டைப்போல. சாவுச் செய்தி வந்தால் அழுகை வர வேண்டும். வராவிட்டால் உள்ளே ஒன்றும் இல்லை என்று கணக்கு. இந்த மூன்று பேரும் தங்களிடம் இருந்த ஒரு பாட்டை எடுப்பதற்கே இத்தனை நாள் தடுமாறுகிறார்கள். நன்றாக இருக்கும் வரியைச் சரியில்லை என்று ஒதுக்குகிறார்கள். ஒதுக்கிவிட்டு, வேறொன்று வரும்வரை வெறுமனே இருக்கிறார்கள். அப்படி இருப்பதற்கு அவர்கள் வெட்கப்படுவதில்லை.

7

நிகழ்ச்சிக்குச் சில நாள் முன்பு அரங்கத்திலிருந்து கதிருக்குப் போன் வந்தது. நிகழ்ச்சி இல்லை, பிறகு எப்போது என்று இப்போது சொல்ல முடியாது என்றார்களாம். கதிர் அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனான். அண்ணன் என்னிடம் சொன்னார். "இத்தனை நாள் காட்டுக் கத்து கத்துனதெல்லாம் போச்சு, பாவம்" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். சாயங்காலம் ஷெட்டில் விளக்கு எரிந்தது. மூன்று பேரும் இருந்தார்கள்.

"புரோகிராம் இல்லைன்னுட்டாங்களாமே?"

"ஆமாங்கக்கா."

"அப்பறம் எதுக்கு வந்தீங்க?"

கேள்வி புரியாதவன்போலக் கதிர் என்னைப் பார்த்தான். "கடைசிச் சரணம் இன்னும் நிக்கலீங்களே" என்றான்.

வழக்கமான சேரில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் யாழினியின் போன் வந்தது. எழுந்து வாசலுக்கு வந்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். வெயில் எப்படி என்று கேட்டாள். பிறகு, "அது என்ன சத்தம்?" என்றாள்.

சொன்னேன். யானை, வாழை, மூன்றாவது வரி எல்லாம் சொன்னேன். வரக்காப்பி என்றால் என்ன என்று கேட்டாள். பாலில்லாத காப்பி என்றேன். மாடு பால் இறக்காததையும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"அவர் அழவே இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்ல. குடிச்சுட்டு டம்ளரக் கழுவி வெச்சாராம்."

 இணைப்பு போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். போகவில்லை.

"அம்மா, அப்பா இறந்த அன்னைக்கு நான் உடனே வரல" என்றாள். "நீ போன் பண்ணினதும் நீச்சல் குளத்துக்குப் போனேன். பை தோள்லயே இருந்தது. போய் நீந்தினேன். ரொம்ப நேரம் நீந்தினேன். அப்பறம்தான் ரயில் ஏறினேன்."

அன்று அவள் வந்து இறங்கியபோது நான்தான் கதவைத் திறந்தேன். கம்பளித் தொப்பியைக் கழற்றினாள். தலைமுடி ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது. வெளியே மழை என்று நினைத்துத் துண்டு எடுத்துக் கொடுத்தேன். அவளும் ஒன்றும் சொல்லாமல் துவட்டிக்கொண்டாள்.

 ஷீலா கேட்டதைப்போல ஏதாவது கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"தண்ணி சில்லுன்னு இருந்துச்சா?"

"இல்லம்மா" என்றாள். "வெதுவெதுன்னு இருந்துச்சு."

உள்ளே கதிர் குச்சிகளைத் தட்டி எண்ண ஆரம்பித்தான். நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். அவளும் போனை வைக்கவில்லை.